கால்நடைகளின் சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையைப் புரிந்துகொள்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய், பூனை வளர்ப்பவர்களும் கறவை மாடு வைத்திருப்பவர்களும் ஆய்வக அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். கேள்விகள் நாய் பற்றியே அதிகம் வருவதால் விடைகளிலும் நாய்க்கு இடம் கூடுதலாகவே இருக்கும்.

அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் எந்த வரியைப் பார்க்க வேண்டும்?

பெரும்பாலானோர் '+' குறி எங்கே இருக்கிறது என்றுதான் தேடுகிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று: மாதிரி எப்படி எடுக்கப்பட்டது, எடுத்து எவ்வளவு நேரம் கழித்துப் பரிசோதிக்கப்பட்டது, சிறுநீரின் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) எவ்வளவு. இந்த மூன்றும் தெரியாத அறிக்கையில் 'புரதம் 2+' என்றோ 'பாக்டீரியா காணப்பட்டது' என்றோ எழுதியிருந்தால், அதை மட்டும் நம்பி நான் மருந்து எழுதுவதில்லை. தரையில் தேங்கிய சிறுநீரைச் சிரிஞ்சில் உறிஞ்சி, மதிய வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் நான்கு மணி நேரம் வைத்திருந்து கொண்டுவந்தால், அதில் காணப்படும் பாக்டீரியா அந்தத் தரையைப் பற்றிச் சொல்லுமே தவிர, நாயின் சிறுநீர்ப்பையைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஒப்படர்த்திக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறீர்கள்?

சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறதா என்பதற்கு இந்தப் பரிசோதனையில் கிடைக்கும் நேரடியான சான்று அது ஒன்றுதான். தூய நீரின் ஒப்படர்த்தி 1.000. இரத்தத்திலிருந்து வடிகட்டப்பட்டு, இன்னும் எந்த மாற்றமும் செய்யப்படாத நீர்மத்தின் ஒப்படர்த்தி 1.008 முதல் 1.012 வரை இருக்கும். உடலுக்குத் தண்ணீர் தேவைப்படும்போது அந்த நீர்மத்திலிருந்து நீரை மீட்டுச் சிறுநீரை அடர்த்தியாக்குவதும், தண்ணீர் மிகுதியாக இருக்கும்போது அதை வெளியேற்றிச் சிறுநீரை நீர்த்துப்போகச் செய்வதும் சிறுநீரகத்தின் பொறுப்பு. ஆகவே நீரிழப்பு ஏற்பட்ட நாயின் சிறுநீர் 1.030-க்கு மேலும், பூனையின் சிறுநீர் 1.035-க்கு மேலும், மாடு, குதிரை ஆகியவற்றின் சிறுநீர் 1.025-க்கு மேலும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

இரண்டு நாள்களாக வாந்தி எடுத்துச் சோர்ந்துபோன ஒரு நாயை எடுத்துக்கொள்வோம். இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருள்) டெசிலிட்டருக்கு 2.6 மில்லிகிராம் என்று உயர்ந்து வருகிறது. சிறுநீரின் ஒப்படர்த்தி 1.048 என்றால், சிறுநீரகம் தண்ணீரைக் காப்பாற்றத் தன்னால் இயன்றதையெல்லாம் செய்துகொண்டிருக்கிறது. கிரியாட்டினின் உயர்ந்ததற்குப் பெரும்பாலும் நீரிழப்பே காரணம், டிரிப் ஏற்றினால் அது இறங்கிவிடும். அதே நாய்க்கு 1.010 என்று வந்திருந்தால் சிறுநீரகமே பழுதுபட்டிருக்கிறது என்று அஞ்ச வேண்டியிருக்கும். இரத்த அறிக்கை இரண்டிலும் ஒன்றுதான். வேறுபடுத்திக் காட்டுவது சிறுநீரின் ஒற்றை எண். அதனால்தான் டிரிப் ஏற்றுவதற்கு முன்பே சிறிதளவு சிறுநீரை எடுத்து வைக்கும்படி வற்புறுத்துகிறோம். டிரிப் ஏறிய பிறகு அந்த எண்ணுக்கு இந்தப் பொருள் இராது. ஃப்ரூசமைடு (சிறுநீரைப் பெருக்கும் மருந்து), பிரட்னிசோலோன் (ஸ்டீராய்டு) போன்ற மருந்துகளும் ஒப்படர்த்தியைக் குறைத்துவிடும் என்பதால், நாய்க்கு என்னென்ன மருந்து போகிறது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அடிசன் நோய் (அட்ரினல் சுரப்பி ஹார்மோன் குறைவு), இரத்தத்தில் கால்சியம் மிகுதல், பெட்டை நாய்க்குக் கருப்பையில் சீழ் கட்டுதல் ஆகியவற்றிலும் சிறுநீரகம் அடிப்படையில் நன்றாக இருந்தும் சிறுநீரை அடர்த்தியாக்க முடியாமல் போவது உண்டு.

ஒரே ஒரு முறை 1.006 என்று வந்ததால் கலங்க வேண்டியதில்லை. நிறையத் தண்ணீர் குடித்த நலமான நாயும் அப்படிக் காட்டும். மறுநாள் காலை, தண்ணீர் குடிப்பதற்கு முன் வரும் முதல் சிறுநீரில் மீண்டும் பார்க்க வேண்டும். தொடர்ந்து பல நாள் காலையில் 1.012-ஐத் தாண்டவில்லை என்றால் அப்போது காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். ஏனென்றால் சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போனதும் அடர்த்தியாக்கும் திறன் குறைகிறது, கிரியாட்டினின் உயர்வதோ நான்கில் மூன்று பங்கு போன பிறகுதான்.

மாதிரியை வீட்டிலேயே எடுக்கலாமா?

எடுக்கலாம். நாய்க்கு, சிறுநீர் கழிக்கத் தொடங்கி ஓரிரு நொடிகள் விட்டு, நடுப்பகுதியைச் சுத்தமான அகலக் கிண்ணத்தில் பிடித்து, மருந்துக் கடையில் கிடைக்கும் மூடியுள்ள மாதிரிக் குப்பியில் ஊற்றுங்கள். பூனைக்கு, மணல் தட்டைக் கழுவி உலர்த்தி, நீர் உறிஞ்சாத, மீன் தொட்டியில் போடும் கூழாங்கற்களை நன்றாகக் கழுவிக் காயவைத்துப் பரப்பிவிட்டால், அடியில் தேங்குவதை எடுத்துக்கொள்ளலாம். பசுவைப் படுக்கையிலிருந்து எழுப்பியவுடனே பெரும்பாலும் சிறுநீர் கழித்துவிடும். இல்லையென்றால் பிறப்புறுப்பு வாய்க்குக் கீழே உள்ள தோலை விரல்களால் மேலும் கீழுமாக மெல்லத் தடவிக் கொடுத்தால் சில நிமிடங்களில் கழிக்கும்.

பழைய மருந்துக் குப்பியையும் பிளீச்சிங் பவுடரில் கழுவிய பாட்டிலையும் தவிர்த்துவிடுங்கள். பிளீச்சின் மிச்சம், சிறுநீரில் நனைத்து நிறமாற்றம் பார்க்கும் சோதனைப் பட்டையில் சர்க்கரையும் இரத்தமும் இருப்பதுபோல் பொய்யாகக் காட்டும். எடுத்த மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்; முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம், ஆனால் அதை அறிக்கையில் குறிப்பிடச் சொல்லுங்கள். காரணம் படிகங்கள் பற்றிய கேள்வியில் வருகிறது.

நோய்த்தொற்று இருக்கிறதா என்று வளர்ப்புச் சோதனை (மாதிரியிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது) செய்ய வேண்டுமானால், வீட்டில் பிடித்த மாதிரி போதாது. வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்திச் சிறுநீர்ப்பையிலிருந்து நேரடியாக எடுப்பதே சிறந்தது. கேட்பதற்கு அச்சமாக இருந்தாலும், பெரும்பாலான நாய்களும் பூனைகளும் தடுப்பூசி அளவுக்குக்கூட அதைப் பொருட்படுத்துவதில்லை. சிறுநீர்ப்பையில் கட்டி இருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலோ, இரத்தம் உறையாத கோளாறு இருந்தாலோ அவ்வாறு எடுக்கக் கூடாது. இம்முறையில் எடுத்த மாதிரியில் சில சிவப்பணுக்கள் காணப்பட்டால் அவை ஊசி பட்டதால் வந்தவையாகவும் இருக்கலாம்.

எங்கள் ஊரில் கால்நடை ஆய்வகம் இல்லை. மனிதர்களுக்கான ஆய்வகத்தில் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் அறிக்கையின் சில வரிகளை ஒதுக்கிவிட்டுப் படிக்க வேண்டும். அங்கே பயன்படும் சோதனைப் பட்டைகள் மனிதச் சிறுநீருக்காக உருவாக்கப்பட்டவை. அவற்றில் உள்ள ஒப்படர்த்திக் கட்டம் விலங்குகளுக்குச் சரியாகக் காட்டாது. ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த எண்ணையே ஏற்க வேண்டும். வெள்ளையணுக் கட்டம் நாய்க்குச் சீழ் இருந்தும் இல்லை என்று சொல்லும், பூனைக்கு இல்லாததை இருக்கிறது என்று சொல்லும். நைட்ரைட்டு, யூரோபிலினோஜென் ஆகிய கட்டங்களாலும் நமக்குப் பயன் இல்லை. புரதம், சர்க்கரை, கீட்டோன் (உடல் கொழுப்பு கரையும்போது உண்டாகும் பொருள்), பிலிருபின் (பித்தத்தின் மஞ்சள் நிறமி), இரத்தம், பி.எச். (அமில-கார அளவு) ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். அறிக்கையின் வலப்பக்கம் 'இயல்பான அளவு' என்று அச்சாகியிருப்பது மனிதனுக்கு உரியது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

புரதம் 2+ என்று வந்திருக்கிறது. சிறுநீரகம் கெட்டுவிட்டதா?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 2+ என்பது ஒரு டெசிலிட்டரில் ஏறக்குறைய 100 மில்லிகிராம் புரதம். அடர்த்தியான சிறுநீரில் கிரியாட்டினின் 400 மில்லிகிராம் இருக்குமானால், புரதத்தைக் கிரியாட்டினினால் வகுத்தால் 0.25 வரும். நீர்த்த சிறுநீரில் கிரியாட்டினின் 40 மில்லிகிராம்தான் இருக்கிறது என்றால் அதே 2+ இப்போது 2.5 ஆகிவிடும். பட்டையில் நிறம் ஒன்றே; இழப்பில் பத்து மடங்கு வேறுபாடு. இதனால்தான் புரதம்-கிரியாட்டினின் விகிதத்தைக் கேட்டு வாங்குகிறோம். ஐரிஸ் எனப்படும் பன்னாட்டுச் சிறுநீரக மருத்துவக் குழுவின் வரையறைப்படி, இந்த விகிதம் 0.2-க்குக் கீழே இருந்தால் இழப்பு இல்லை, நாய்க்கு 0.5-க்கு மேலும் பூனைக்கு 0.4-க்கு மேலும் இருந்தால் புரத இழப்பு உறுதி, இடைப்பட்டது எல்லைக்கோடு.

விகிதம் பார்ப்பதற்கு முன், சிறுநீர்ப்பையில் அழற்சியோ கண்ணுக்குத் தெரியும் அளவு இரத்தமோ இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அவையும் புரதத்தைக் கூட்டும். சிறுநீர் காரத்தன்மை மிகுந்திருந்தாலும் பட்டை பொய்யாக உயர்த்திக் காட்டும் என்பதால், மாட்டின் அறிக்கையில் 1+ புரதத்தைக் கண்டு நான் பதறுவதில்லை. எல்லாவற்றையும் விலக்கிய பிறகும், குறைந்தது இரண்டு வார இடைவெளியில் திரும்ப எடுத்தாலும் விகிதம் உயர்ந்தே இருந்தால், வடிகட்டும் பகுதியில் கசிவு இருக்கிறது என்று பொருள். நம் பகுதி நாய்களுக்கு அத்தகைய கசிவு வந்தால், உண்ணியால் பரவும் எர்லிக்கியா நோய்க்கும் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

சிறுநீரில் சர்க்கரை இருந்தால் நீரிழிவு நோய்தானே?

நாய்க்குப் பெரும்பாலும் ஆம். ஆனாலும் இரத்தச் சர்க்கரையைப் பார்க்காமல் உறுதி செய்யக் கூடாது. இரத்தச் சர்க்கரை நாய்க்கு ஏறக்குறைய 180 மில்லிகிராமையும், பூனைக்கு 280 மில்லிகிராமையும், மாட்டுக்கு 100 மில்லிகிராமையும் தாண்டும்போது அது சிறுநீரில் இறங்கத் தொடங்கும். பூனையைக் கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் காத்திருப்பு அறையில் உட்கார வைத்தாலே பயத்தால் அதன் இரத்தச் சர்க்கரை உயரும். அந்த அச்சம் நீடித்தால் சிறுநீரிலும் வரும். அத்தகைய ஐயம் இருந்தால் வீட்டிலேயே மாதிரி எடுத்துப் பார்க்கலாம், கடந்த சில வாரங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஃப்ரக்டோசமின் சோதனையும் செய்யலாம்.

இரத்தத்தில் சர்க்கரை இயல்பாக இருந்து, சிறுநீரில் மட்டும் இருந்தால் அது வேறு செய்தி. சர்க்கரையை மீட்டெடுக்க வேண்டிய சிறுநீரக நுண்குழல்கள் பழுதுபட்டுள்ளன என்பதே அதன் பொருள். எலிக்காய்ச்சல், ஜென்டாமைசின் போன்ற மருந்துகளின் நச்சு, பசெஞ்சி இன நாய்களுக்குப் பரம்பரையாக வரும் ஃபான்கோனி நோய் ஆகியவற்றில் இப்படி நேரும். மாட்டுக்கு சைலசின் என்ற மயக்க ஊசி போட்ட பின் எடுத்த மாதிரியிலும் சர்க்கரை வரும். பெனடிக்ட் கரைசலில் சூடாக்கிப் பார்க்கும் பழைய முறையைப் பின்பற்றும் இடங்களில், சினை முற்றிய அல்லது கறவையில் உள்ள பசுவின் சிறுநீரில் கலந்து வரும் பால் சர்க்கரையும் நிறம் மாற்றிக் காட்டும். அது நோய் அல்ல.

கன்று ஈன்று மூன்று வாரம் ஆன பசுவுக்குக் கீட்டோன் 3+ என்று வந்துள்ளது. என்ன பொருள்?

கறக்கும் பாலுக்கு ஈடாகத் தீவனத்திலிருந்து ஆற்றல் கிடைக்காததால், பசு தன் உடல் கொழுப்பைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. அடர் தீவனத்தை ஒதுக்கிவிட்டு வைக்கோலை மட்டும் மெல்வது, பால் திடீரென்று குறைவது, மூச்சிலும் பாலிலும் ஒருவித இனிப்பு நெடி வீசுவது ஆகியவற்றோடு இந்த 3+ சேர்ந்தால் கீட்டோசிஸ் என்று சிகிச்சையைத் தொடங்கலாம். பசு நன்றாகத் தின்று நன்றாகக் கறக்கும்போது சிறுநீரில் மட்டும் இலேசாகக் கீட்டோன் தெரிந்தால் அதைக் கவனித்து வந்தால் போதும். இரத்தத்திலும் பாலிலும் இருப்பதைவிடச் சிறுநீரில் கீட்டோன் செறிவாகச் சேர்வதால், சிறுநீர்ச் சோதனை தேவைக்கு அதிகமாகவே எச்சரிக்கும். கிராமத்து மருந்தகங்களில் செய்யும் ரோத்தெரா சோதனையில் ஊதா வளையம் தோன்றுவதும் இதே அடிப்படையில்தான்.

நீரிழிவு உள்ள நாய்க்கோ பூனைக்கோ சர்க்கரையுடன் கீட்டோனும் சேர்ந்து வந்து, அது வாந்தி எடுத்துச் சோர்ந்திருந்தால், அன்றைக்கே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். பட்டை அசிட்டோ அசிட்டேட்டை மட்டுமே நன்றாகக் காட்டும். முதன்மையான கீட்டோனாகிய பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட்டைக் காட்டாது. ஆகவே குறைவான நிறத்தைக் கண்டு அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

எருமை காப்பி நிறத்தில் சிறுநீர் கழிக்கிறது. இது இரத்த மூத்திரமா?

சிவப்பாகவோ காப்பி நிறத்திலோ வரும் சிறுநீரில் மூன்று வகை உண்டு. பட்டையில் உள்ள 'இரத்தம்' கட்டம் மூன்றுக்கும் ஒரே மாதிரி நிறம் மாறுவதால் அதை வைத்துப் பிரித்தறிய முடியாது. நிறமற்ற கண்ணாடிக் குப்பியில் சிறுநீரைப் பிடித்து, ஆடாமல் அசையாமல் ஜன்னல் ஓரமாக ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் செந்நிற வண்டல் படிந்து மேலே தெளிந்தால் அது முழுச் சிவப்பணுக்கள். அதாவது சிறுநீர்ப் பாதையில் எங்கோ இரத்தக் கசிவு. அடியில் எதுவும் படியாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே காப்பி நிறமாக நின்றால், உடைந்த சிவப்பணுக்களின் ஹீமோகுளோபின் அல்லது சிதைந்த தசையின் மயோகுளோபின். ஆய்வகத்தில் மையவிலக்குக் கருவியில் சுழற்றி இதையே ஐந்து நிமிடத்தில் செய்வார்கள். பின்னிரண்டையும் பிரிக்க இரத்தத்தை எடுத்துத் தெளியவிட்டு மேல்நீரைப் பார்க்க வேண்டும்: அது இளஞ்சிவப்பாக இருந்தால் ஹீமோகுளோபின், தெளிவாக இருந்தால் மயோகுளோபின். சிறுநீர் மிகவும் நீர்த்திருந்தால் சிவப்பணுக்கள் குப்பியிலேயே வெடித்துவிடும் என்பதால், ஒப்படர்த்தி 1.008-க்குக் கீழே இருக்கும்போது இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

கன்று ஈன்று இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் உள்ள எருமை, காய்ச்சல் இல்லாமல், கண்ணின் உள் இமை வெளுத்து, இப்படிக் கழித்தால், பாஸ்பரஸ் குறைவால் சிவப்பணுக்கள் உடையும் நோயை முதலில் நினைக்க வேண்டும். கலப்பினப் பசுவுக்கு 105 டிகிரி காய்ச்சலும் உடம்பில் உண்ணியும் இருந்து இதே நிறம் வந்தால், உண்ணி பரப்பும் பேபிசியா நோயை நினைத்து இரத்தப் பூச்சு எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வெவ்வேறு, இரண்டிலும் ஒரு நாள் தாமதம் உயிருக்கு ஆபத்து. மிச்சமான வெங்காயக் குழம்பைத் தொடர்ந்து தின்ற நாய்க்கும் சிவப்பணுக்கள் உடைந்து இந்த நிறம் வரலாம். பல நாள் ஓய்வுக்குப் பின் கடுமையாக ஓடவிட்ட குதிரைக்கு வருவது தசைச் சிதைவின் நிறம்.

பிலிருபின் 1+ என்றால் மஞ்சள் காமாலையா?

ஆண் நாயின் அடர்த்தியான சிறுநீரில் 1+ இயல்பே. பூனைக்கு எந்த அளவும் இயல்பு அல்ல. மிகச் சிறிதளவு தெரிந்தாலும் கல்லீரலையும் சிவப்பணுக்களையும் சோதிக்க வேண்டும்.

பி.எச். 8 என்று வந்திருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

எந்த விலங்கு என்பதைப் பொறுத்தது. புல் தின்னும் மாடு, ஆடு, குதிரை ஆகியவற்றுக்கு 7.5 முதல் 8.5 வரை இயல்பு. பால் மட்டும் குடிக்கும் கன்றுக்கும், பல நாள் தீவனம் எடுக்காத மாட்டுக்கும் அமிலமாக இருக்கும். நாய், பூனைக்கு 6.0 முதல் 7.5 வரை. நாய்க்கு 8-க்கு மேல் தொடர்ந்து வந்தால், யூரியாவை உடைக்கும் பாக்டீரியாத் தொற்று இருக்கிறதா என்று தேட வேண்டும். நீண்ட நேரம் திறந்து வைத்த மாதிரியும் காரமாகிவிடும்.

ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரங்களில் பால் காய்ச்சலைத் தடுக்க எதிரயனி உப்புக் கலவை கொடுக்கும் பண்ணைகளில், இந்த எண்ணுக்கு வேறு பயன் உண்டு. சினை மாடுகளின் சிறுநீர் 6.0 முதல் 7.0-க்குள் இறங்கியிருந்தால் கலவை வேலை செய்கிறது, 8-லேயே நின்றால் போதவில்லை, 5.5-க்கு இறங்கினால் அளவு மிஞ்சிவிட்டது.

படிகங்கள் காணப்பட்டால் கல் இருக்கிறது என்று பொருளா?

இல்லை. படிகம் இல்லாமல் கல் இருக்கும், கல் இல்லாமல் படிகம் இருக்கும். பல ஆண்டுகளுக்கு முன், கால்சியம் ஆக்சலேட்டுப் படிகங்கள் நிறைய இருப்பதாக வந்த அறிக்கையை நம்பி, ஒரு நாய்க்கு இரண்டு மாதம் உணவு மாற்றம் செய்யச் சொன்னேன். அது பழகிய சோறும் கோழியும் இல்லாமல் மெலிந்துபோனது. அந்த மாதிரி இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் இருந்தது என்பதை நான் கேட்டு அறிந்துகொள்ளவில்லை. பிறகு கிளினிக்கிலேயே எடுத்துச் சூடு ஆறுவதற்குள் பார்த்தபோது ஒரு படிகம்கூட இல்லை. குளிரில் கரைபொருள்கள் படிகமாகப் பிரிவது இயற்கை; அன்றிலிருந்து படிகம் பற்றிய எந்த முடிவையும் புதிய மாதிரியில் மறுபடி பார்க்காமல் எடுப்பதில்லை.

சில படிகங்களை மட்டும் எப்போதும் பொருட்படுத்த வேண்டும். முள் நிறைந்த ஊமத்தங்காய் போலத் தோன்றும் அம்மோனியம் யூரேட்டு, டால்மேஷன் நாய்க்கு இனத்தின் இயல்பு. வேறு இனக் குட்டிக்கு வந்தால் கல்லீரலைச் சுற்றிச் செல்லும் இரத்தக்குழாய்க் கோளாறா என்று பார்க்க வேண்டும். அறுகோண வடிவ சிஸ்டின் ஒருபோதும் இயல்பு அல்ல. திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்புடன் கால்சியம் ஆக்சலேட்டு மோனோஹைட்ரேட்டு குவிந்து கிடந்தால், கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்டை நக்கியதா என்று உடனே விசாரிக்க வேண்டும்.

சீழணுக்களோ பாக்டீரியாவோ இருந்தால் ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிடலாமா?

நுண்ணோக்கியின் ஒரு பார்வைப் புலத்தில் ஐந்துக்கு மேல் வெள்ளையணுக்கள் (இவையே சீழணுக்கள்), கூடவே பாக்டீரியா, கூடவே அடிக்கடி முக்கிமுக்கிச் சொட்டுச் சொட்டாகக் கழிக்கும் நாய்: இம்மூன்றும் சேர்ந்தால் தொடங்கலாம். எந்தத் தொந்தரவும் இல்லாத நாயின் சிறுநீரில் பாக்டீரியா மட்டும் வளர்ந்தால், துணை விலங்குகளின் தொற்றுநோய்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரும்பாலும் மருந்து தர வேண்டாம் என்றே சொல்கிறது. எப்போதாவது வரும் எளிய தொற்றுக்கு 3 முதல் 5 நாள் மருந்து போதும் என்பதும் அதே வழிகாட்டுதலில் உள்ளது. பத்து, பதினைந்து நாள் மாத்திரை கொடுத்துப் பழகிய நமக்கு இதை ஏற்க மனம் வரவில்லை; ஆனால் தேவையற்ற ஒவ்வொரு நாளும் மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்கிறது. ஒரே ஆண்டில் மூன்று முறை தொற்று வந்தால், மாத்திரையை மாற்றிக்கொண்டே போகாமல் வளர்ப்புச் சோதனை செய்து, கல், நீரிழிவு, குஷிங் நோய் (அட்ரினல் ஹார்மோன் மிகுதி) ஆகியவற்றைத் தேட வேண்டும்.

எலிக்காய்ச்சல் கிருமி சாதாரண நுண்ணோக்கிப் பார்வையில் தெரியாது. மழைக்காலத்தில், தேங்கிய நீரில் அலைந்த நாய்க்குக் காய்ச்சலும் காமாலையும் இருந்தால், அறிக்கையில் 'பாக்டீரியா இல்லை' என்று இருப்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதன் சிறுநீர் மனிதருக்கும் நோயைத் தரும்; கையுறை இல்லாமல் மாதிரியைத் தொடக் கூடாது.

ஆண் பூனை நேற்றிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை. மாதிரி எடுத்துப் பரிசோதித்துவிட்டு வரட்டுமா?

வேண்டாம், உடனே கிளம்புங்கள். சிறுநீர்க் குழாய் அடைபட்ட பூனைக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகக்கூடும். தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முனகுவதை மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருந்து, உயிரிழந்த பூனைகளைப் பார்த்திருக்கிறேன். அடைப்பை நீக்கும்போது வரும் சிறுநீரை நாங்களே பரிசோதனைக்கு எடுத்துக்கொள்வோம்.

மறுபரிசோதனை எப்போது செய்ய வேண்டும்?

எளிய தொற்று குணமாகி நாய் இயல்பாகக் கழிக்கத் தொடங்கிவிட்டால் மறுபரிசோதனை தேவையில்லை. புரத இழப்புக்கு மருந்து தொடங்கியிருந்தால் நான்கு வாரத்தில் விகிதத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். ஏழு வயது தாண்டிய நாய், பூனைகளுக்கு நோய் இல்லாதபோதும் ஆண்டுக்கு ஒரு முறை காலைச் சிறுநீரின் ஒப்படர்த்தியையும் புரதத்தையும் குறித்து வைப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் அதே முறையில், அதே நேரத்தில் மாதிரி எடுங்கள். பழைய அறிக்கைகளைத் தூக்கி எறியாமல் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்துக் கையோடு கொண்டுவாருங்கள்.